மெடல் வாங்குகிற வரைக்கும்

எங்கள் அணியில் மூன்று பேர். ஒருவர் கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்துவார், ஒருவர் சாலையில் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பார், ஒருவர் பத்து கிலோமீட்டர் ஓடுவார். இதையெல்லாம் ஒரே ஆள் செய்தால் டிரையத்லான். மூன்று பேர் பங்கு போட்டுச் செய்தால் ரிலே. மூன்று பேர் சேர்ந்தும் நேரத்துக்குள் முடிக்காமல் விட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அணிக்கு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே சொல்லப்போவதில்லை. அலுவலகத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பட்ட பாடு போதும்.

சைக்கிள்காரன் நான். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது பிடிக்காது. எதிரில் வருகிறவனெல்லாம் நிறுத்திக் குசலம் விசாரிப்பான். அதனால் சைக்கிள் வாங்கினேன். நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு, தொடையை இறுக்கிப் பிடிக்கிற கால்சட்டை போட்டுக்கொண்டு கொளவாய் ஏரிப் பக்கம் போனால் யாரும் குசலம் விசாரிப்பதில்லை. தெரிந்தவர்கள்கூட வேறு எதையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்கிறார்கள்.

நீந்துகிறவர் கோவளத்து மீனவர், என்னைவிட நான்கு வயது சின்னவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் வஞ்சிரம் வாங்கப் போனபோது, "கடல்ல ஒன்றரை கிலோமீட்டர் நீந்துவீங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு? படகு முழுகிடுச்சா?" என்றார். போட்டிக்கு என்றேன். வலை இல்லாமல், மீன் இல்லாமல், சும்மா போய்ச் சும்மா திரும்பி வருவதற்கு ஒரு போட்டியா என்று அவருக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஓடுகிறவள் ஒரு நர்ஸ். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. முப்பத்து மூன்று வயது, ஐந்தாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. டூட்டி முழுக்க நின்ற கால்களோடு வந்து ஏரிக்கரையில் ஓடுவாள். பக்கத்தில் சைக்கிளில் போகிற எனக்கு மூச்சு வாங்கும், அவள் கதை பேசிக்கொண்டே ஓடுவாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதும்.

கோவளத்தில் காலை ஆறு மணிக்குப் போட்டி தொடங்கும். முதலில் அவர் நீந்தி வருவார். அவர் கணுக்காலில் நேரம் கணக்கிடுகிற பட்டை ஒன்று கட்டியிருக்கும். அதை அவிழ்த்து நான் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும். பிறகு அவள் கட்டிக்கொண்டு ஓடுவாள். ஒன்பதேகாலுக்குள் அவள் கோட்டைத் தாண்டினால் மூன்று பேருக்கும் மெடல். தாண்டாவிட்டால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம்.

முதல் வருடம் எனக்கு டயர் பஞ்சர். ட்யூப் மாற்ற எனக்குத் தெரியாது என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. இரண்டாம் வருடம் பட்டிபுலத்தில் தலை சுற்றுகிறது என்று ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ வர நேரமாகிவிட்டது. மூன்றாம் வருடம் எனக்கு முன்னால் போனவரை எப்படியாவது முந்துவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மாமல்லபுரத்தில் திரும்ப வேண்டிய இடம் போய்விட்டது, கல்பாக்கம் போகிற சாலையில் இருக்கிறேன். நான் துரத்திய மனிதர் போட்டியாளரே இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தவர். "யூ ஆர் வெரி ஸ்ட்ராங் சார்" என்று வேறு சொன்னார்.

அந்த மூன்றாம் வாழைப்பழத்துக்குப் பிறகு கோவளத்தில் ஓர் ஓட்டலில் நாஸ்தாவுக்கு உட்கார்ந்தோம். நான் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிம்மதியாக வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குக் கொஞ்சங்கூட வருத்தமே இல்லியாம்மா?"

"இருக்குண்ணா. ஆனா மெடல் வாங்கிட்டா நான் ஓடறத நிறுத்தணும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் வீட்டுக்காரர் சிறுசேரியில் சாஃப்ட்வேர் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறார். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த ஒரு நாளும் காலையில் கண் விழித்தால் பெண்டாட்டி ஏரிக்கரையில் இருக்கிறாள். பிள்ளைக்கு அவரே தலை பின்னி, அவரே இட்லி ஊற்ற வேண்டும்.

"அவரு நல்லவருதாண்ணா. மொதல்ல வேணான்னாரு, நான் அழுதேன். சரி, ஒரு மெடல் வாங்கற வரைக்கும் ஓடு, வாங்கினா நிறுத்திடணும்னாரு. நானும் சரின்னுட்டேன். எப்படியாவது ஓட விட்டா போதும்னு இருந்துச்சு."

"இதென்ன கணக்கு? மெடல் வாங்கினா எதுக்கு நிறுத்தணும்?"

"பரீட்ச பாஸானவங்க யாராவது மறுபடியும் போய் எழுதுவாங்களான்னு கேக்கறாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அன்று டம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

மீனவர் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டே, "அப்படின்னா அடுத்த வருசம் நான் கொஞ்சம் மெதுவா வரட்டாம்மா? ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அவள் வடையைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க வேணும்னே மெதுவா வந்தீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே நான் நின்னுடுவேன். எனக்காக யாரும் தோக்க வேணாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மெடல் வேண்டும். என் மேசைக்கு எதிர் மேசைக்காரர் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு மறுநாள், "இந்த வருஷம் வாழைப்பழம் என்ன ரகம்? பூவனா, மொந்தனா?" என்று கேட்பார். ஒரு தடவையாவது அந்த மனிதரின் ஃபைல் மேல் மெடலை டங்கென்று வைக்க வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க நான் போட்ட கணக்கு என்னவென்றால், அவள் ஒரு தடவை ஜெயித்துக் கொடுத்துவிட்டு நிற்கட்டும், அடுத்து வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்போது கூசவில்லை.

அடுத்த ஒரு வருடம் பைத்தியம்போலப் பயிற்சி எடுத்தோம். நான் நான்கு கிலோ இறங்கினேன். ட்யூப் மாற்றக் கற்றுக்கொண்டேன். மாமல்லபுரத்தில் திரும்ப வேண்டிய இடத்தை நான்கு தடவை நேரில் போய்ப் பார்த்து வந்தேன், நான்காம் தடவை அங்கே இளநீர் விற்கிற அம்மா என்னை நிலம் வாங்க வந்த ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். அவள் பத்து கிலோமீட்டரை ஐம்பத்தெட்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள். மீனவர் பயிற்சியெல்லாம் எடுக்கவில்லை. தினமும் கடலுக்குப் போனார். அதுவே போதும் என்றார். அவர் இருபத்தெட்டு நிமிடத்தில் கரையேறிவிடுவார். நான் நூறு நிமிடம் எடுத்தாலும், என் கணக்குப்படி ஒன்பது ஆறுக்கு அவள் கோட்டைத் தாண்டிவிடுவாள்.

போட்டி நாள் விடிந்தது. முந்தைய மூன்று வருடமும் கடலில் ஒரு படகை நிறுத்தி, அதைச் சுற்றிவிட்டு வரச் சொல்வார்கள். இந்த வருடம் புதிதாக, ஆள் உயரத்துக்கு ஐந்து ஆரஞ்சு நிற மிதவைகளைக் கடலில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். அவற்றை ஒட்டியே நீந்திப் போய்ச் சுற்றி வர வேண்டும். மைக்கில் ஒருவர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா பண்ணப்போற?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓடத்தாண்ணா போறேன். வேற இன்னா பண்றது?" என்று ஷூ கயிற்றை முடிந்துகொண்டாள்.

விசில் ஊதினார்கள். கரையிலிருந்து பார்த்தால் தலைகள் தெரியாது, நிறம் நிறமாகத் தொப்பிகள் மட்டும் தெரியும். எல்லாத் தொப்பிகளும் எறும்பு வரிசையாக முதல் மிதவையை ஒட்டிப் போயின. எங்கள் சிவப்புத் தொப்பி முதலில் முன்னால்தான் இருந்தது. பிறகு மிதவைக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போதே வலது பக்கமாக ஒதுங்கியது. ஒதுங்கி, ஒதுங்கி, தனியாக அந்தமானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கயாக் என்கிற சின்னப் படகில் இருந்த தொண்டர் துடுப்பைத் தூக்கி ஆட்டிக் கத்தினார். எங்கள் ஆள் நீந்துவதை நிறுத்தி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி அந்தமான் வழியைப் பிடித்தார். ஐந்து மிதவைக்கும் இதே கதைதான். முதலில் முன்னால் இருந்த எங்கள் ஆள் ஆறு நாற்பத்து நான்குக்குக் கரையேறினார்.

பதினாறு நிமிடம் போய்விட்டது. நான் குனிந்து அவர் காலிலிருந்த பட்டையை அவிழ்த்தபோது, "நல்ல தண்ணி அண்ணாத்த, ஒரே தெளிவு" என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் கடலே கெட்டுப்போயிருக்கும்.

வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவளுக்காகச் செய்திருக்கிறார். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், என் மெடலைக் கடலில் போட்டுவிட்டார். திருவிடந்தை தாண்டும்வரை அவரைத் திட்டினேன். பட்டிபுலத்தில் அந்த டீக்கடை வந்தபோது டீக்கடைக்காரரையும் சேர்த்துத் திட்டினேன். திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அடித்தது, அதற்கும் மிச்சம் வைத்திருந்தேன். கோபத்தில் கால் என்னமோ தானாக மிதித்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை. எட்டு பதினேழுக்கு அவள் காலில் பட்டையைக் கட்டினேன்.

ஒன்பதேகாலுக்கு இன்னும் ஐம்பத்தெட்டு நிமிடம் இருந்தது. அவளுடைய மிகச் சிறந்த நேரமே அதுதான், அதுவும் ஏரிக்கரையில், நிழலில். அவள் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள், ஓடிவிட்டாள்.

நான் நேராக மீனவரிடம் போனேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, கையில் வாழைப்பழத்தோடு நின்றிருந்தார்.

"யோவ், எதுக்குய்யா அவ்ளோ தூரம் சுத்திப் போன?"

"இன்னா அண்ணாத்த பேசற? மெதவ போட்டுகீது. மெதவ இருந்தா கீழ வல கீதுன்னு அர்த்தம். யாரு வலயோ இன்னாவோ. கிட்டக்க போனா காலு மாட்டிக்கும், வலயும் கிழியும். சாயங்காலம் அந்தாளு மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அது காத்தடிச்ச பலூன்யா! போட்டி நடத்தறவங்க கட்டினது. வலையே கிடையாது!"

"அது கரையில கீற உனக்குத் தெரியும். தண்ணியில கீற எனக்கு?"

"காலையில மைக்ல சொன்னாங்களே!"

"இங்கிலீசுல பேசிக்கினே இருந்தாங்க. நான் காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்கினு இருந்தேன்."

"கயாக்ல ஒருத்தர் கத்தினாரே?"

"ஆமா, பாவம், நல்ல மனுசன். வலயப் பாத்துப் போன்னு சொல்றாருன்னு கும்பிடு போட்டேனே."

பன்னிரண்டு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். மிதவையைக் கண்டால் விலகுவது அவருக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தெருவில் கோலத்தை மிதிக்காமல் நாம் தாண்டிப்போவதில்லையா, அதுபோலத்தான். ஆனால் எனக்குச் சந்தேகம் போகவில்லை. "அந்தப் பொண்ணுக்காகத்தான பண்ண? மெதுவா வரட்டான்னு அன்னிக்கே கேட்டியே" என்றேன்.

அவர் பழத்தைக் கடிக்காமல் என்னையே பார்த்தார். "கடலு மேல சத்தியமா இல்ல. அதுதான் வேணான்னுச்சே." பிறகு, "சரி, வேணும்னே பண்ணியிருந்தா உனக்கு இன்னா? அது ஓடறது நின்னா உனக்கு நல்லாவா இருக்கும்?" என்றார்.

நான் போய் வெயிலில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அவள் இல்லாமல் நான் மட்டும் சைக்கிளில் போவதை நினைத்துப் பார்த்தேன். வார்டில் நடந்ததையெல்லாம் எனக்கு யார் சொல்வார்கள்? அண்ணா, தொப்பையை உள்ளே இழுத்துக்கோ என்று யார் கத்துவார்கள்? எனக்குத் துக்கமாக இருந்தது. அப்புறம் எதிர் மேசைக்காரர் முகம் ஞாபகம் வந்தது, மெடலும் வேண்டும் போலிருந்தது. அவள் வந்துவிட வேண்டும் என்று ஒரு நிமிடம், வராமலிருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம். இரண்டையும் கடவுளிடமே சொன்னேன். அவர் குழம்பியிருப்பார்.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கடைசித் திருப்பத்தில் அவள் தெரிந்தாள். அங்கிருந்து கோட்டுக்கு ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவள் தலையைத் தூக்கிக் கோட்டுக்கு மேல் ஓடுகிற பெரிய கடிகாரத்தைப் பார்த்தாள். ஓட்டம் தளர்ந்தது. நடையாகவே ஆகிவிட்டது. பத்து அடி, பதினைந்து அடி நடந்திருப்பாள். நானும் மீனவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிறகு அவள் ஓடினாள். அதுவரை அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளும் காற்றை இடிக்க, வாயைத் திறந்துகொண்டு, முகம் கோணிப்போய் ஓடிவந்தாள். மீனவர் "வாம்மா, வா, வா!" என்று படகை இழுக்கிறபோது போடுகிற சத்தத்தைப் போட்டார். அவள் கோட்டைத் தாண்டியபோது ஒன்பதேகாலுக்கு நாற்பது விநாடி பாக்கி.

மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். "மெதுவா வந்துடலாம்னுதாண்ணா நெனச்சேன். நடந்து பாத்தேன். முடியல" என்றாள். பிறகு அழுதாள். அவள் கழுத்தில் மெடலைப் போட்ட பெண், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் மூன்று பேரும் மெடலோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதை ஸ்டேட்டஸில் போட நான் விரலைத் தூக்கியபோது அவள் என் செல்போனை வாங்கிக்கொண்டாள். பிறகு கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி, ரிப்பனைச் சுருட்டி, என் பைக்குள் போட்டாள்.

"உங்க வூட்ல இருக்கட்டும்ணா."

வெளியே தெரிந்தால் அவள் வீட்டுக்கும் எட்டிவிடும் என்று நான் பையை மூடினேன். எதிர் மேசைக்காரருக்கு மறுநாள் பூவன் என்று சொன்னேன். ஒரு வருடம் ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தையோடு போயிற்று. அதற்கு நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அவள் வீட்டில் பொய்கூடச் சொல்லவில்லை. வெறுங்கையோடு போய் நின்றாள். வீட்டுக்காரர் அவள் கையைப் பார்த்தார், அழுது வீங்கிய கண்ணைப் பார்த்தார், அவரே முடிவு செய்துகொண்டார். "விடு, போனா போவுது. அடுத்த வருஷம் வாங்கிடலாம்" என்றாராம். மத்தியானம் அவரே மீன் குழம்பு வைத்தாராம். மறு வாரம் சிறுசேரியிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். வேனில் வருகிற யாரோ மாரத்தான் ஓடுகிற ஆளிடம் விசாரித்து, பெயரை எழுதி வாங்கிப்போய், புது ஷூ வாங்கியிருக்கிறார். "பழைய ஷூதான் உன்ன கவுத்துடுச்சு" என்று அவரே கயிறு கோத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த மனிதர் மேல் ஒரு வருடமாக எனக்குக் கோபம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

அந்த ஞாயிறு ஏரிக்கரை ஓட்டம் முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் புது ஷூவைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்தாள். என் மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "அண்ணா, ஒரு தரம் குடுங்களேன்" என்றாள். பீரோவிலிருந்து மெடலை எடுத்துக் கொடுத்தேன். கழுத்தில் போட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழற்றி, ரிப்பனை நீவிச் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லிடணும்ணா. அவர் ஷூ வாங்கினு வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல."

"எப்ப சொல்லப்போற?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஷூ தேயட்டும்ணா. தேஞ்சதும் சொல்லிடறேன்."

இது நடந்து ஐந்து மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உள்ளே மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் வாசலுக்குப் போய் அந்த ஷூவை எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.